தாலியும் கையுமா நின்ன மாப்பிள்ளை

ஒரு கம்ப்யூட்டருக்குள்ள கல்யாண வீடியோ ஒண்ணு இருந்துச்சு. ஹால்ல இருக்கிற டிவிடி பிளேயர்ல ஓடணும்னு அதுக்கு இருப்பே கொள்ளலை. பிளேயரோ பழசு, புது மாதிரி வீடியோன்னா அதுக்கு அடையாளமே தெரியாது. தேங்காய் பர்பியை மட்டும் ஒருநாள் டிஸ்க்குன்னு முழுங்கிருச்சு, அந்தக் கூத்து தனிக்கதை! அதனால வீடியோவைப் பழைய மாதிரிக்கு மாத்தி, டிஸ்க்குல ஏத்தித்தான் அனுப்பணும்.

"ஆச்சாண்ணே? சொந்தக்காரங்க எல்லாம் வந்து உக்காந்தாச்சு!"ன்னு மாத்திக் குடுக்கிற கன்வெர்ட்டரை நச்சரிச்சுது வீடியோ.

"பாதிதான்டி மாத்தியிருக்கேன், ஆடாம இரு."

"மீதியை யாரு பாக்கப் போறா?"ன்னு பாதியிலேயே டிஸ்க்குல தாவிருச்சு.

ஹால்ல கெட்டிமேளம் முழங்குச்சு. மாப்பிள்ளை தாலியைத் தூக்கினாரு. அதோட படம் நின்னுபோச்சு.

"அப்புறம் என்னடி ஆச்சு?"ன்னுச்சு பிளேயர்.

மீதிக் கல்யாணம் கம்ப்யூட்டர்லயே கிடந்துச்சு.

இன்னிக்கும் அந்த டிஸ்க்குல மாப்பிள்ளை தாலியும் கையுமாத்தான் நிக்கிறாரு. பொண்ணு குனிஞ்ச தலை நிமிரவே இல்லை.