பழுதான மானி

கைதட்டல் ஓய்ந்த பிறகும் முத்துலிங்கத்துக்கு வயிற்றெரிச்சல் ஓயவில்லை.

மலைக்குள் இருக்கிற அந்த அறுபது வயது அணை இன்னும் தாங்குமா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதியவன் நஸீப். அக்குறணைப் பொடியன். பொறியியலாளராக வந்து மூன்றே வருடம். கண்டிக் கந்தோரில் திரையைக் கட்டி, கோடு கோடாகப் போட்டுக் காட்டினான். மழைக்காலத்தில் நீர்மட்டத்தை ஆறடி குறைத்து வைத்தால் அணைக்கு ஆபத்தில்லை என்று முடித்தான். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

அந்தக் கோடெல்லாம் யார் வீட்டுச் சொத்து?

இருபத்தாறு வருடமாக அட்டைக்கடி வாங்கி மலையேறி, அணைச் சுவருக்குள் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்று மானியைப் பார்த்து, தினமும் கொப்பியில் எழுதியவர் முத்துலிங்கம். ஒருநாள்கூட லீவு போட்டதில்லை என்பதை அவர் சொல்லிக் கேட்காத ஆள் கந்தோரில் இல்லை. வருகிற தையில் ஓய்வு. ஆனால் அறிக்கையின் அட்டையில் இருந்ததோ ஒரே ஒரு பெயர், நஸீப்.

"ஆரோ பெத்த பிள்ளைக்கு ஆரோ பேர் வைச்ச கதை," என்றார், பக்கத்தில் இருந்த கிளார்க் லவனிடம்.

"அவனும் கஷ்டப்பட்டவன்தானே அண்ணை. போன மாரி முழுக்க ஞாயிறு ஞாயிறா அணைக்குப் போனவனாம்."

"போனவன், போனவன். குடையைப் பிடிச்சுக்கொண்டு படம் எடுக்கப் போனவன்."

வீட்டிலும் இதே கரைச்சல்தான். பெருநாளுக்கு நஸீப் கொண்டுவந்து கொடுத்த வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு, "என்ன மரியாதையான பிள்ளை" என்று மனைவி ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்த ஒரு கிழமையும் முத்துலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கூட்டத்தில் கொடுத்த அறிக்கையை அங்கேயே எரிச்சலோடு புரட்டியவரின் கண் எண்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றது.

'ஆறு வருடங்களுக்கு முன், கார்த்திகையில் இருபத்திரண்டு நாட்கள் மானி பழுது. அந்நாட்களின் அளவுகள் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.'

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மானி பழுதா? தன் கையால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மானி ஒருநாளும் பழுதானதில்லை. பொடியன் பொய் எழுதியிருக்கிறான். இன்றைக்கு இவனை விடுவதில்லை.

நேரே பிரதம பொறியியலாளர் சரோஜினிதேவியின் அறைக்குப் போனார்.

"மேடம், இந்த அறிக்கையில பொய் இருக்கு."

சரோஜினிதேவி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு முத்துலிங்கத்தைப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம் மேடம். மானியில ஒரு பழுதும் இல்லை."

"மூண்டு மாதத்தில பென்ஷன்ல போறியள். ஏன் உங்களுக்கு இந்த வேலை? விடுங்கோ."

"எஞ்சினியர் எண்டா பொய் எழுதலாமோ? வேணுமெண்டா எழுத்தில தாறன்."

"எழுதுங்கோ."

கதிரையை இழுத்துப் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். குறித்த இருபத்திரண்டு நாட்களும் மானி சீராக வேலை செய்தது. அளவுகளை நானே நேரில் பார்த்துப் பதிந்தேன். கையொப்பம், திகதி. பேனையை மூடும்போது நெஞ்சு குளிர்ந்தது.

சரோஜினிதேவி அலுமாரியைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்தார்.

"இது உங்கட கொப்பிதானே? இந்த இருபத்திரண்டு நாளும் ஒரே அளவு. எட்டுப் புள்ளி ரெண்டு. அந்த மாதம் மழை விடாமல் கொட்டினது. மானி அசையவே இல்லை."

முத்துலிங்கம் கொப்பியைக் கிட்ட இழுத்துப் பார்த்தார்.

"பதினெட்டாம் திகதி மண்சரிஞ்சு, அணைக்குப் போற பாதை மூண்டு நாள் மூடிக் கிடந்தது. ஒருத்தரும் போகேல்லை. நீங்கள் எப்பிடிப் போய்ப் பாத்தனீங்கள்?"

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கட்டுகஸ்தோட்டை வீட்டில் அம்மாள் வருத்தம் வந்து, உடம்பெல்லாம் கொப்புளத்தோடு அவர் வேப்பிலையில் படுத்துக் கிடந்த நாட்கள் அவை. லீவு போட்டால் பெருமை போய்விடும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எழும்பி வந்த அன்று ஒரே இருப்பில் இருபத்திரண்டு நாளையும் நிரப்பிவிட்டார். லீவே போட்டதில்லை என்று சொல்லிச் சொல்லி ஆறு வருடத்தில் அதைத் தானே நம்பியும்விட்டார்.

"இதை நம்பியிருந்தா, எவ்வளவு மழைக்கும் அழுத்தம் கூடாது, அணை தாங்கும் எண்டு எழுதியிருப்பம். கீழ முந்நூறு வீடு இருக்கு, முத்துலிங்கம்."

"மேடம்..."

"நஸீப் இதைக் கண்டுபிடிச்ச உடனே, உங்கட முழுக் கொப்பியையும் தூக்கி எறியத்தான் நான் சொன்னனான். அவன் கேக்கேல்லை. ஞாயிறு ஞாயிறா மழைக்குள்ள போய், உங்களுக்குத் தெரியாமல் தானும் அளந்து, உங்கட அளவோட ஒத்துப் பாத்தவன். ஒரு புள்ளி பிழையில்லை எண்டு வந்து சொன்னவன். அதாலதான் உங்கட மற்றக் கொப்பியெல்லாம் இந்த அறிக்கைக்குள்ள இருக்கு."

முத்துலிங்கம் எழுதிய கடிதத்தைச் சரோஜினிதேவி அவர் பக்கமாகவே மெல்லத் தள்ளி வைத்தார்.

"மானி பழுதில்லை எண்டு எனக்கும் தெரியும். ஏன் அப்பிடி எழுதினனீர் எண்டு அவனிட்டக் கேட்டனான். 'மானிக்கென்ன மேடம், அதுட பென்ஷனையா வெட்டப் போறாங்க?' எண்டான்."