ஒரு தடவை சொன்னா போதும்

"ஏம்மா, உனக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

அவசர சிகிச்சைப் பிரிவுக் கட்டிலில் படுத்தபடி மாணிக்கவேல் போட்ட சத்தம் வாசல் வரை கேட்டது. ஆரணியில் பத்துப் பட்டுத்தறிக்கு வேலை கொடுக்கும் முதலாளி. முள்ளிப்பட்டில் ராஜவேலு வீட்டுத் தறியில் நெய்து முடித்த கல்யாணப் புடவையை, பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ராஜவேலுவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தவர், பாதி வழியில் பைக்கோடு சறுக்கி விழுந்துவிட்டார். ராஜவேலுவுக்கு ஒரு கீறலும் இல்லை. இவருக்கு முழங்கால் நாலு விரல் நீளம் கிழிந்திருந்தது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நர்ஸ் சசிகலா செய்த குற்றம் இதுதான்.

"வலது முழங்கால், மரத்துப்போற ஊசி, அஞ்சு எம்.எல்." என்றார் டாக்டர் இவாஞ்சலின்.

"வலது முழங்கால், மரத்துப்போற ஊசி, அஞ்சு எம்.எல்." என்றாள் சசிகலா.

"ஆறு தையல்."

"ஆறு தையல், டாக்டர்."

மாணிக்கவேலுக்குப் பொறுக்கவில்லை. "கிளிப்பிள்ளை மாதிரி எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிகினு இருந்தா எப்போ முடியறது? ஆறு மணிக்கு வந்தவாசி பார்ட்டி பொடவை வாங்க வராங்க. நாலு நாள்ல முகூர்த்தம். ஜல்தி முடிச்சி அனுப்புங்க டாக்டரம்மா."

"அது எங்க வழக்கங்க. நான் தப்பா சொன்னா அவங்க பிடிப்பாங்க. அவங்க தப்பா கேட்டா நான் பிடிப்பேன்" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்குது! டாக்டரு தப்பைப் பிடிக்க நர்சா? எங்கிட்ட வந்து பாருங்க. இதோ நிக்கிறானே ராஜவேலு, இருவது வருசமா நெய்யறான். ஒரு தடவ சொன்னா போதும். திருப்பி ஒரு வார்த்தை கேக்க மாட்டான். என்னா ராஜவேலு?"

மூலையில் புடவைப் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்த ராஜவேலு, "ஆமாங்க மொதலாளி" என்றார்.

தையல் முடிந்தது. புண்ணில் சேறு இருந்ததால், சீழ் பிடிக்காமலிருக்க ஒரு ஊசி சொன்னார் டாக்டர். சசிகலா அதையும் திருப்பிச் சொல்லிவிட்டு மருந்தை சிரிஞ்சில் ஏற்றினாள்.

"ஐயா, இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது ஒங்களுக்கு ஒத்துக்காம போயிருக்குதுங்களா?"

"எனக்கு எல்லாம் ஒத்துக்கும். போடு."

ராஜவேலு வாயைத் திறந்தார். முதலாளி முறைத்தார். வாய் மூடிக்கொண்டது.

சசிகலா அதைப் பார்த்துவிட்டாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம். இந்த அண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு."

"ஊசிய நிறுத்துங்க."

"ஊசிய நிறுத்திட்டேன், டாக்டர்."

எல்லோரும் தன்னையே பார்க்க, ராஜவேலு பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போன வருசம் பல்லு புடுங்கின எடத்துல, சீழு புடிக்காம இருக்க ஒரு ஊசி போட்டாங்க. மொதலாளிக்கு மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிப்போச்சு..."

"அது எறா தின்னதால!" என்று பாய்ந்தார் மாணிக்கவேல்.

"அந்தப் பல் டாக்டர் சீட்டு இருக்குதுங்களா?" என்றாள் சசிகலா.

மாணிக்கவேலின் மணிபர்சில் நாலாய் மடித்துக் கிடந்தது. பிரித்துப் படித்த டாக்டரின் முகம் மாறியது.

"ஐயா, அதே ஊசிதான். இப்போ போட்டிருந்தா ஒங்க உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

மாணிக்கவேல் நிஜமாகவே பயந்துபோனார். சசிகலாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு ராஜவேலு பக்கம் திரும்பினார்.

"ராஜவேலு, இந்தப் பொண்ணு கேக்கலன்னா நீ சொல்லியே இருக்க மாட்டியேப்பா. இனிமே எதுவா இருந்தாலும் பயப்படாம எங்கிட்ட சொல்லு."

"எதுவா இருந்தாலுங்களா?"

"எதுவா இருந்தாலும்!"

ராஜவேலு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. கையிலிருந்த பையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பொடவைங்க... பொண்ணு வீட்டுல வந்து கேட்டப்போ நானும் பக்கத்துல இருந்தேன். அரக்கு ஒடம்பு, பச்சை பார்டர்னாங்க. மறுநாளு நீங்க எங்கிட்ட பச்சை ஒடம்பு, அரக்கு பார்டர்னு சொன்னீங்க. நீங்க சொன்னபடியே நெய்ஞ்சிட்டேன்."

தையல் போட்ட காலோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார் மாணிக்கவேல்.

"அடப்பாவி! அன்னிக்கே திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேனே மொதலாளி. 'உனக்குக் காது கேக்குமா, கேக்காதா'ன்னீங்க."