பேட்டரி இல்லாத கேமரா

கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது என்றதும் கண்ணாடி அலமாரியிலிருந்து கேமராவை வெளியே எடுத்தார்கள். வானொலி, தொலைக்காட்சித் துறையில் சேர்ந்த நாளிலிருந்து பொற்கொடி அதைப் பூட்டுக்குள்தான் பார்த்திருக்கிறாள்; படித்ததெல்லாம் கரும்பலகையில் வரைந்த கேமராவைத்தான். துறைத்தலைவர் மாசிலாமணி அவளை அதன் பின்னால் நிறுத்தி, "படம் எடுக்கிற மாதிரி நில்லும்மா, போதும்," என்றார். அவள் கண்ணை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு.

குழுத் தலைவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து காலரைச் சரிசெய்துகொண்டார். "நான் எப்படித் தெரியறேன்?"

"ஒண்ணும் தெரியல சார். இதுக்குள்ள பேட்டரியே இல்ல. எங்க யாரையும் இதைத் தொடவே விட்டதில்ல."

மாசிலாமணியின் முகம் வெளிறியது. குழுத் தலைவரோ கடகடவென்று சிரித்தார். "குரல் கணீர்னு இருக்கே! இந்தப் பொண்ண நியூஸ் வாசிக்கப் போடுங்க சார்." எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

பொற்கொடி கேமராவை முக்காலியிலிருந்து கழற்றித் தூக்கிப் போய் அவர் மடியில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க சார்."

சிரிப்பு நின்றது. அதைப் பிடித்துக்கொள்வதா இறக்கி வைப்பதா என்று புரியாமல் அவர் மாசிலாமணியைப் பார்த்தார். பொற்கொடி அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.