கிழிசலைக் காட்டி விற்பவர்

“துணியில கிழிசல் ஈந்தா காட்டித்தான் விப்போம் மகள். இந்தப் படிப்புல குறை ஏதும் ஈக்குதா?”

கெலிஓயா துணிக்கடை ஜவாத் ஹாஜியார் கேட்டதும், கண்டித் தனியார் கல்லூரியின் வரவேற்பு மேசையில் இருந்த ஸுலைஹா அருகில் நின்ற கல்லூரிப் பணிப்பாளரைப் பார்த்தாள். வாய் திறந்தால் வேலை போய்விடும்.

“குண்டு வெடிக்கிற காலத்துல பிள்ளைய கொழும்புக்கு அனுப்பப் பயம்,” என்றார் ஹாஜியார். “இங்க இஸ்லாமிய நிதி படிச்சா வேலை கிடைக்குமா?”

பணிப்பாளர் சிரித்தார். “என்ன ஹாஜியார்! தங்கப் பதக்கம் எடுத்த பிள்ளைக்கு அடுத்த மாசமே வேலை. சுவர்ல படம் ஈக்குது, பாருங்க. ஸுலைஹா, ஹாஜியாருக்குத் தேத்தண்ணி!”

அவள் கோப்பையை நீட்டினாள். ஹாஜியார் படத்தில் பட்டமளிப்பு அங்கியோடு நின்றவளைப் பார்த்தார். கோப்பையோடு நின்றவளைப் பார்த்தார். ஒரே முகம்.

மேசையில் வைத்திருந்த தன் மகளின் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.