மறுபக்கக் கதவு

பிக்கப் லாரியின் கதவைத் திறந்ததும் டெல்மர் எஞ்சினைப் பற்றிக் கேட்கவில்லை. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த, வண்டி தாங்கும் எடை போட்ட மஞ்சள் சீட்டை மூக்கு உரசும் தூரத்தில் குனிந்து படித்தார்.

அமெரிக்க மலையூரான மிசூலாவில் அன்று அவரும் மனைவியும் ஏறி இறங்கிய மூன்றாவது வண்டிக்கடை அது.

விற்பனையாளன் கர்ட் விடுவதாக இல்லை. “பதினோராயிரம் பவுண்டு இழுக்கும் சார். உங்க டிரெய்லர் இதுக்கு ஒரு கொசு.”

“இழுக்குறத எந்த வண்டியும் இழுக்கும் தம்பி. முதுகுல எவ்வளவு தாங்கும், இறக்கத்துல எப்படி நிக்கும்? அதைச் சொல்லு.”

அவர் மனைவி ஆர்லீன் இரண்டடி தள்ளி நின்றாள். மூன்று வாரமாக ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தும் அது வாய்க்கு வரவில்லை.

படுக்கையும் அடுப்புமாக இருந்த அந்த டிரெய்லரில்தான், ஓய்வு பெற்றபின் பாதி வருஷம் அவர்கள் குடித்தனம். போன செப்டம்பரில் லோலோ கணவாய் இறக்கத்தில், அது பின்னாலிருந்து பழைய பிக்கப்பைத் தள்ளிக்கொண்டு போனது. முன்னால் நின்ற மரம் ஏற்றிய லாரி டெல்மருக்குத் தெரியவேயில்லை. ஆர்லீன் அலறிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றது.

“வண்டி பத்தல. பெருசா வாங்கணும்,” என்றார் அன்றைக்கு.

கண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பனிக்காலம் முழுக்க அப்படியே போயிற்று.

இதோ, பெரிசு வந்து நிற்கிறது. அவள் தோளுயரத்துக்கு முன்மூக்கு. இதை அவர் மலையில் இறக்குவதை நினைத்து இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவரோ கேள்வி மேல் கேள்வி. சீட் எவ்வளவு முன்னால் வரும்? பிரேக், ஆக்சிலேட்டர் மிதிகளைக் கிட்டே நகர்த்தலாமா? ஏறுவதற்குப் படி உண்டா?

ஆறடி இரண்டங்குல மனிதருக்கு எதற்கு இதெல்லாம் என்று கர்ட்டுக்கே சிரிப்பு வந்தது. சாவியை நீட்டினான்.

“ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க சார். லைசன்ஸ மட்டும் காட்டிடுங்க.”

இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. அவர் இனி ஓட்டக்கூடாது என்று சொல்ல ஆர்லீன் வாயைத் திறந்தாள்.

அதற்குள் டெல்மர் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார். கர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சார், இது வெறும் அடையாள அட்டை. வண்டி ஓட்ட ஆகாதே.”

“ஆகாதுதான். லைசன்ஸ செவ்வாக்கிழமை நானே ஆபீஸ்ல கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துட்டேன்.” டெல்மர் முன்மூக்கைத் தடவியபடி சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்தார். “அவகிட்டக் கேளு. ஓட்டப்போறது அவதான்.”

ஆர்லீன் கைப்பையைத் திறந்தாள். ஏதேதோ அட்டைகள் கையில் வந்தன. எதிலும் எழுத்து தெரியவில்லை. எல்லாம் நனைந்து தளும்பியது.

உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு டெல்மர் எட்டிப் பார்த்தார்.

“என்னடி, இப்ப உனக்கும் கண்ணு தெரியலையா?”