தாய்ச்செடியைத் தேடி

"இயற்கை என்னைக்குமே பொய் சொல்லாது, டாக்டர்!" என்று வானத்தை நோக்கிக் கையை உயர்த்தினார் பேராசிரியர் ஹெய்ன் ஸ்லாபர்ட். நகக்கண்ணில் ஈரமண் இருந்தது. அவசரமாகக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தென்னாப்பிரிக்காவில், நாமக்வாலாந்தின் வெள்ளைக் கூழாங்கல் வெளியில் மட்டும் முளைக்கும் ஒரு குட்டிச் சதைப்பற்றுச் செடி. இரண்டு இனங்கள் தாமாகவே கலந்து பிறந்தது அது என்று ஒன்பது வருடமாகச் சாதித்து வருகிறார். தந்தை இனம் இங்கே காலில் இடறுகிறது. தாய் இனமோ வடக்கே ஆரஞ்சு ஆற்றுப் பக்கம்தான் உண்டு.

இங்கேயும் அது இருக்கிறதென்று இன்று காட்டாவிட்டால் அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டு. முடிவு சொல்லத்தான் டாக்டர் வில்மா தெரோன் வந்திருந்தார். சற்றுத் தள்ளி, பிக்கப் வண்டியருகே ஸ்லாபர்ட்டின் மனைவி எல்சபே எல்லோருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வேறு வழி தெரியாமல், காலையில் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு தாய்ச்செடியைப் பிடுங்கி வந்து புதரடியில் நட்டுவிட்டார் ஸ்லாபர்ட்.

"இதோ!" என்று அதைக் 'கண்டுபிடித்தார்'.

தெரோன் உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணே ஒண்ணுன்னா எப்படி, புரொஃபசர்? யாரோ கொண்டாந்து வெச்சதுன்னு சொல்லிட மாட்டாங்களா?"

தெரோன் பாறைக்குப் பின்னால் போனார்.

"அட, இங்க இன்னொண்ணு இருக்கே!"

ஸ்லாபர்ட் விழுந்தடித்து ஓடினார். நிஜம்தான்! மழையே பார்க்காத வருடம். சுற்றிலும் எல்லாம் வற்றிச் சுருங்கிக் கிடக்க, அது மட்டும் கொழுகொழுவென்று நின்றது.

"பாத்தீங்களா, இயற்கையே வளர்த்தா எப்படி இருக்குன்னு!" அழுதேவிட்டார்.

நிஜமே கிடைத்தபின் பொய் எதற்கு? தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "டாக்டர், விஞ்ஞானத்துக்கு முன்னால ஒரு உண்மையை ஒத்துக்கணும். அந்த மொதல் செடி... நான் நட்டது."

தெரோன் அவரையே பார்த்தார். "இதைச் சொல்லவும் ஒரு நெஞ்சு வேணும். போகட்டும், அதைக் கணக்குல சேர்க்கலை. இது ஒண்ணு போதும்." மண்கரண்டியுடன், வேரைப் பார்க்கக் குனிந்தார்.

ஸ்லாபர்ட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பிக்கப் வண்டிக்கு நடந்தார். எல்சபே காப்பி ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா, ஹெய்ன்? அந்த ரெண்டாவதை நேத்து நான் நட்டேன்."