ஒடியாத வெண்டைக்காய்

நான் ஒரு வெண்டைக்காய். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் என் நுனியை ஒடித்துப் பார்த்தார்கள். நான் வளைந்தேனே தவிர ஒடியவில்லை. உடனே கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். தோற்றுப்போய்ப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் கிடந்த பிஞ்சை எடுத்து, வாங்க வந்த ஒருவருக்குக் கடைக்காரர் ஒடித்துக் காட்டினார். தொட்டதுமே 'டப்'பென்று ஒடிந்தது.

"வெட்கமா இல்லையாடா?" என்றேன்.

"ஒடிஞ்சாத்தான் அண்ணே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

சமையலுக்குப் புதியவர் போலிருக்கிறது, அந்த மனிதர் பிஞ்சை நம்பி என்னையும் சேர்த்து அள்ளினார். ஒடித்தே பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவர்!

வீட்டில் எங்களைக் கீறி, எண்ணெயில் கறிவேப்பிலையோடு வறுத்தார். கத்தி கீறியதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிஞ்சு சுருண்டு மொறுமொறுப்பாகிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் விட்டுக்கொடுங்க அண்ணே, இன்னும் அடுப்பை அணைக்கல."

"நெருப்புக்கெல்லாம் மசிகிற ஆளா நான்?" என்றேன்.

சாப்பாட்டில் பிஞ்சு ஒரே கடியில் போய்விட்டது. அவர் கண்ணை மூடி ரசித்தார். அடுத்து என்னை மென்றார், மேலும் மென்றார், பிறகு வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அங்கே கறிவேப்பிலை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. நகர்ந்து இடம் கொடுத்து, "உங்களையும் ஒதுக்கிட்டாங்களா?" என்று கேட்டது.

"ஒதுக்கலை. என்னை யாராலும் ஒடிக்க முடியலை," என்று கூடைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பாவம், அதற்கும் எழுந்து போக வேறு இடமில்லை.